கழுத்தில் நின்ற குளவி

எறும்பை வரைய நினைப்பவர்கள் சர்க்கரை வைக்கக் கூடாது. சர்க்கரைக்குக் கூட்டமாக வந்து மொய்த்துவிடும். ஒற்றை எறும்பு காலை எப்படித் தூக்கி வைக்கிறது என்பது கண்ணில் படாது. சும்மா காத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

செத்த பூச்சியை நான் வரைந்ததில்லை. செத்ததும் கண்ணின் பளபளப்பு போய்விடும். உயிரோடு, அது இருக்கும் இடத்திலேயே, தொந்தரவு செய்யாமல் பார்க்க வேண்டும். என் தங்கைக்கும் இது பழகிவிட்டது. நான் அசையாதே என்றால், கையில் தட்டோடு நடந்து வருகிறவள் அப்படியே நின்றுவிடுவாள். "இந்த வீட்ல பேனுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல" என்று பிறகு முணுமுணுப்பாள். அம்மா அப்பா போன பின் எனக்குச் சமைத்துப் போட்டு, படங்களுக்குச் சட்டம் போட்டு, வாங்க வருகிறவர்களிடம் பேசியதெல்லாம் அவள்தான்.

நீங்கள் கேட்ட ஊசியைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்குக் குளவி விஷம் ஆகாது. பள்ளியில் படித்தபோது ஒருமுறை கொட்டி, மூச்சடைத்துப் பிழைத்தவள். மறுபடி கொட்டினால் உடனே போட வேண்டிய ஊசி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. ஜன்னல் சட்டத்தில் குளவி கூடு கட்டியபோது கலைக்கச் சொன்னாள். கலைத்துவிட்டேன் என்று சொல்லித் திரைச்சீலையை இழுத்து மறைத்தேன். கொட்டும்போது குளவியின் வயிறு எப்படி மடங்குகிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. என் கையிலேயே கொட்டவிட்டுப் பார்த்தேன். வலியில் பென்சில் நடுங்கி, கோடு பாழாகிவிட்டது.

அன்று காலை அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரு படத்துக்குச் சட்டம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, கழுத்துல என்னமோ ஊருது. பாரேன்."

பார்த்தேன். லென்ஸை எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல, அசையாதே. உன்னத்தான் வரையிறேன்."

அவள் சிரித்தது தோளில் தெரிந்தது. "ஒருவழியா பூச்சிலேர்ந்து மனுஷிக்கு வந்துட்டியா" என்றாள். முடியைக்கூட ஒதுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் கையை வீசியிருப்பாள், அது பறந்திருக்கும். வெகுநேரம் பார்த்தேன். கொட்டுகிற மாதிரி தெரியவில்லை. பென்சில் முனையால் அதன் முதுகை லேசாக அழுத்தினேன்.

வயிறு நான் நினைத்திருந்ததைவிட அழகாக மடிந்தது.

"ஊசிய எடுண்ணா" என்றாள். குரல் அப்போதே மாறியிருந்தது. "இரு, கால் மட்டும் பாக்கி" என்றேன். பார்த்தது கண்ணில் நிற்கும்போதே வரைந்துவிட வேண்டும். இழுப்பறை என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது; பின்னங்கால்களை முடித்துவிட்டுத் திறந்தேன். அதற்குள் அவள் மேஜைமேல் தலை சாய்த்திருந்தாள்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தன்னை ஒருநாள் வரையச் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். முகம் வரவில்லை, கழுத்து மட்டும்தான். இருந்தாலும் அது அவள்தான். அவள் கேட்டு நான் செய்யாமல் விட்டது எதுவுமே இல்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.