உரை மருந்து

கைப்பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கும். மண்டிக்கு வந்துபோன யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஐயா, நீங்கள் என்னிடம் கேட்டது கடலை ஓட்டுக் குவியலுக்குள் இருந்த பொட்டலங்களைப் பற்றி மட்டும். அதை ஏட்டு எழுதிக்கொண்டார். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மீதியை யாரும் கேட்கவில்லை. அதனால் நானாகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் பெயர் அப்பாசாமி. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ராஜமாணிக்கம் முதலாளியின் மல்லாட்டை மண்டியில் இருபது வருஷம் மூட்டை தூக்கினேன். நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள். எழுபத்தொன்பதில் முதுகு விட்டுப்போனது. முதலாளி நல்லவர், துரத்தவில்லை. கொட்டகையிலேயே காவலுக்கு உட்காரவைத்தார்.

அங்கே இருபது பெண்கள் மல்லாட்டை உடைப்பார்கள். பருப்பைச் சாயங்காலம் படியால் அளந்து, அதற்குத் தக்க கூலி. வீட்டில் ஆள் இல்லாதவர்கள் பால்குடிப் பிள்ளைகளைக் கூடவே கொண்டுவந்து விட்டத்தில் தூளி கட்டிப் போடுவார்கள். பிள்ளை அழுதால் தாய் எழுந்து போகவேண்டும். எழுந்தால் வேலை நிற்கும். எண்பது கடைசியில் ஒருநாள் முதலாளி வந்து நின்று பார்த்தார்.

"இது மண்டியாடா, தர்மாஸ்பத்திரியாடா? நாளையிலேர்ந்து புள்ளைங்கள இட்டுக்கினு யாரும் வரக்கூடாதுனு சொல்லிடு."

நாலு பேருக்கு வேலை போயிருக்கும். அதில் பாஞ்சாலை ஒருத்தி. புருஷன் விட்டுப்போனவள். மடியில் ஐந்து மாதப் பெண், சந்திரா. வேலை போனால் இரண்டு உயிரும் பட்டினி. "நான் பாத்துக்கறேங்க மொதலாளி," என்றேன். எனக்கும் ஏதாவது வேலை என்று ஒன்று இருக்கவேண்டும் அல்லவா.

என் முதுகுவலிக்கு லாரி மூர்த்தி அபின் கொடுத்துக்கொண்டிருந்தான். வடக்கே இருந்து அவன் கொண்டுவரும் பொட்டலங்களை நான் கடலை ஓட்டுக்குள் ஒளித்துவைப்பேன். சந்தை நாளில் ஆட்கள் வந்து வாங்கிப்போவார்கள். எனக்குக் கூலி ஓர் உருண்டை. அது யாருக்குப் போகிறது, அவர்கள் என்ன ஆகிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை. இருபது வருஷமும் மூட்டைக்குள் என்ன என்று கேட்டா தூக்கினேன்?

நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு உரை மருந்து கொடுப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுட்ட வசம்பையும் ஜாதிக்காயையும் கல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்து நாக்கில் தடவுவது. சுட்ட வசம்பு கறுப்பு. அபினும் கறுப்பு. நான் பெண்களின் கண்ணெதிரில்தான் உரைத்தேன், ஒளிந்து செய்யவில்லை. கல்லில் வேறு என்ன உரைகிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

நாலு தூளியும் சத்தமில்லாமல் தொங்கின.

"அண்ணே, உன் கையில இன்னா வச்சிருக்க? எங்க ஊட்டுக் குடிகாரனுக்கும் கொஞ்சம் தடவி வுடேன், வாய மூடிக்கினு கெடக்கட்டும்," என்றாள் ஒருத்தி. கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பொங்கலுக்கு முதலாளி எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டி லீவு. அன்றைக்குப் பிள்ளைகள் வீட்டில் வியர்த்து, காலை உதைத்து, வீறிட்டு அழும். பாஞ்சாலை சந்திராவைத் தூக்கிக்கொண்டு என் குடிசைக்கே வந்துவிடுவாள்.

"உன்கிட்டதாண்ணே அடங்குறா. என்னக் கண்டாலே கத்தறா. பெத்தவ நானா நீயானு தெரியல."

அந்த அழுகை ஏன் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் உருண்டை கிடைக்காவிட்டால் என் உடம்பும் அப்படித்தான் செய்யும். தடவினேன். பிள்ளை தூங்கியது. அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நாலு தாய்மாரில் மெஹ்ருன்னிசா மட்டும் வேறு மாதிரி. "எம் பையன் பாலுக்குக்கூட முழிக்க மாட்டேங்கறான். கை காலெல்லாம் குச்சியாட்டம் ஆயிடுச்சி. உன் மருந்து வேணாண்ணே, அழுதா அழுவட்டும்," என்றாள். அவன் அழுதான். நாலாம் நாள் முதலாளி அவளை நிறுத்திவிட்டார். அவசரப்பட்டுப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறானாம்.

எண்பத்தொன்றில், கார்த்திகைத் தீபத்துக்கு நாலு நாள் இருந்தபோது, புது மல்லாட்டை வந்து குவிந்திருந்தது. சந்திராவுக்குச் சளி. இருமி இருமி விழித்துக்கொண்டாள். வழக்கமான அளவு நிற்கவில்லை, இன்னொரு தடவை தடவினேன். மத்தியானம் தூளிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். உடம்பு ஆறிப்போயிருந்தது.

பாஞ்சாலை தலை நிமிர்ந்தாள். "பால் கட்டுதுண்ணே. எழுப்பட்டுமா?"

"வேணாம்மா. இப்பதான் கண்ணசந்தா."

அவள் மறுபடி குனிந்துகொண்டாள். அன்றைக்கு அவள் கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். சாயங்காலம் அளந்து முடிக்கிறவரை தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

மாந்தம் என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். குழி வெட்டியதும் நான்தான். அதன் பிறகும் ஐந்து வருஷம் உரைத்தேன். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு மாந்தம் வந்தது.

ஒன்று பாக்கி இருக்கிறது. சந்திரா போவதற்குப் பத்து நாள் முன்னால் சுகாதார ஆபீஸ் அம்மா ஒருவர் கொட்டகைக்கு வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். போதைப் பொருள்களைப் பற்றியது. எங்களில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த வருஷம்தான், நாற்பத்தாறு வயதில், முதியோர் பள்ளியில் கற்கத் தொடங்கியிருந்தேன்.

"படிண்ணே, நீதான் படிச்ச மனுசனாச்சே," என்றாள் பாஞ்சாலை.

பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சாராயத்தைப் பற்றிப் போட்டிருந்ததைப் படித்தேன். கஞ்சாவைப் பற்றிப் போட்டிருந்ததையும் படித்தேன். மூன்றாவது வரியில், பிள்ளைகளைத் தூங்கவைக்க அபின் தடவாதீர்கள், மூச்சு நின்றுவிடும், ஏற்கெனவே தடவியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று இருந்தது.

"அவ்ளோதான். வேலையப் பாருங்க," என்று நோட்டீசை மடித்துவிட்டேன்.

அதுவரை எனக்கு எழுத்துக் கூட்டி, வாய்விட்டுத்தான் படிக்க வரும். அதற்காக வாத்தியார் திட்டிக்கொண்டே இருப்பார். அந்த மூன்றாவது வரியைத்தான் முதல்முதலாக உதடு அசையாமல் முழுசாகப் படித்தேன். மறுநாள் வகுப்பில், ஒரு வரியை உதடு அசையாமல் படித்தேன் என்று அவரிடம் சொன்னபோது, எல்லாருக்கும் முன்னால் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.