அஞ்சுக்கு அப்புறம் அஞ்சு பி

லஸ் கார்னர் பஸ் ஸ்டாப்பில் காலை எட்டே காலுக்கே வெயில். நாலு பேரும் ஒரே மரத்தடியில் ஒண்டி நின்றதால் பேச்சு தானாகக் காதில் விழுந்தது. எனக்கு முன்னால் ஓர் அம்மா, கையைப் பிடித்தபடி எல்.கே.ஜி. யூனிஃபார்மில் அவர் மகள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, அஞ்சு பி..."

"பி எல்லாம் கிடையாதுடி! அஞ்சுக்கு மேல உனக்கு எண்ண வரலைன்னு மிஸ் டைரியில எழுதி அனுப்பியிருக்காங்க. இன்னைக்கு என்னை நேர்ல வேற வரச் சொல்லியிருக்காங்க."

"அஞ்சு பி இல்லன்னா நாம எதுலம்மா ஸ்கூலுக்குப் போறது?"

"அது பஸ்ஸு. இது கணக்கு. எங்க சொல்லு, அஞ்சுக்கு அப்புறம்?"

குழந்தை சாலையையே பார்த்தாள். தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது.

பக்கத்தில் நின்ற பெரியவர் கண்ணைச் சுருக்கினார். "என்ன நம்பர்மா அது? கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

அம்மாவும் எட்டிப் பார்த்தார். கண்கூச்சத்தில் அவருக்கும் போர்டு தெரியவில்லை.

"இருபத்தொண்ணு ஜி, தாத்தா."

பெரியவர் சந்தேகமாக அம்மாவைப் பார்த்தார்.

"அவ சொன்னா சரியா இருக்கும் சார். ஏறிக்கோங்க."

இருபத்தொண்ணு ஜி-தான். பெரியவர் ஏறிப் போனார்.

"இருபத்தொண்ணு ஜி-க்கு அப்புறம் என்னம்மா?" என்றாள் குழந்தை.

அம்மா சாலையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அஞ்சு பி" என்றார்.