ரப்பர் பலகையில் ஒரு முகம்

சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பிறகு பயந்துபோய் என் கையைப் பிடிக்கக் கூடாது... விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம்.

நம் வினோஜுக்கு அத்தான் முறை, ராஜகுமார். கீரிப்பாறை போகிற வழியில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரி. கம்ப்யூட்டரில் இருக்கிற உருவத்தை இயந்திரத்தால் மரத்தில் வெட்டுவதற்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் அவர்.

விடியற்காலை ஐந்து மணி. ரோட்டில் ஈ, காக்கை இல்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள்... உள்ளே பால் வெட்டுகிறவர்களின் தலைவிளக்குகள் மட்டும் அசைகின்றன. இயந்திர வேலை பாக்கி இருந்ததால் சீக்கிரமே பைக்கில் வந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லூரி வாசலில் ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

நேசபாய். குளச்சல்காரி. அவருடைய மாணவன் ஜான்ரோஸின் அம்மா.

லீவுக்கு வீட்டுக்குப் போன பையன், மாமாவோடு மீன்பிடிக்க வள்ளத்தில் ஏறியிருக்கிறான். காற்று அடித்தது. மாமாவின் உடல் கரைக்கு வந்தது, இவன் வரவில்லை. தேடினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். அவள் வந்த நாளுக்கு மறுநாள், வெறும் பெட்டியை வைத்து அடக்கம் என்று முடிவு.

"வெறும் பெட்டிய எப்பிடி சாரே குழியில எறக்குவேன்? எனக்க பிள்ளைக்க மொகம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குன்னு அவன் சொல்லியிருக்கான். அத வெட்டித் தாருங்க."

இருந்தது. முதல் வருஷப் பாடம் அது. கண்ணை மூடச் சொல்லி முகத்தை ஸ்கேன் செய்து, ரப்பர் மரப் பலகையில் வெட்டுவார்கள். வெட்டி முடித்ததும் ராஜகுமார் தவறாமல் சொல்வார்: "கண்ண நம்பாத மக்கா. தடவிப் பாரு. மரம் என்ன சொல்லுதுன்னு கேளு."

இயந்திரம் ஓடியது. ர்ர்ர்ர்... நெற்றி, மூக்கு, மூடிய கண்கள். நேசபாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். சத்தம் நின்றதும் ஒரு வாடை. ரப்பர் மரத்தூள் என்றால் புளித்த வாடைதான் அடிக்கும். இது கடல் வாடை...

தடவிப் பார்த்தார். தாடை சொரசொரத்தது. ஸ்கேன் எடுத்த அன்று மழுமழுவென்று ஷேவ் செய்துகொண்டு வந்தவன் அவன். ரப்பர் மரம்தானே, நார் எழும்பியிருக்கும் என்று நினைத்து, உப்புத்தாளை எடுத்து நன்றாகத் தேய்த்துக் கொடுத்தார். பாவி மனுஷன், தடவினாரே தவிர கேட்கவில்லை.

அடக்கம் முடிந்தது. சில நாள் கழித்து, கல்லூரியில் வைக்க இன்னொரு முகம் வெட்டினார். அதே ஃபைல். இயந்திரம் நின்றது...

தாடி. நன்றாக வளர்ந்த தாடி. கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, வாய் தண்ணீருக்குத் திறந்திருந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால் அதே பழைய மழுமழு முகம்.

செத்தவனுக்குத் தாடி வளருமா? பெட்டியை இறக்கிய அன்று பையன் கடலில் உயிரோடு இருந்திருக்கிறான்... இப்போதும் இருக்கிறான்.

பலகையைத் தூக்கிக்கொண்டு குளச்சலுக்குப் பறந்தார். கடற்கரையில் இருந்தவர்கள், சாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். நேசபாய் அந்தத் தாடியைத் தடவினாள். தடவிக்கொண்டே அலறினாள்.

"கெடக்கான்! உசுரோட கெடக்கான்! கும்பிடுகேன், ஆராவது போங்களேன்!"

அந்த அலறலைக் கேட்டு யாரால் சும்மா இருக்க முடியும்? வள்ளங்கள் கிளம்பின. அவள் கரையில் நிற்கவில்லை. வாத்தியாரின் பைக்கிலேயே கல்லூரிக்கு வந்துவிட்டாள்.

"ஒண்ணு கூடி வெட்டுங்க சாரே. இருக்கானான்னு பாப்போம்."

இயந்திரம் ஏறியது, இறங்கியது. நெற்றி வரவில்லை. மூக்கு வரவில்லை. பலகை முழுக்கச் சின்னச் சின்ன அலை... அலை மட்டும்தான். நேசபாய் அதைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. முந்தானையை இழுத்துப் பலகையின் மேல் போர்த்தினாள்.

வள்ளங்கள் வெறுங்கையோடு திரும்பின. ராஜகுமார் வேலையை விட்டுவிட்டார். வினோஜிடம் மட்டும் ஒருநாள் வாய்விட்டு அழுதாராம்.

"பெட்டியில வைக்கதுக்கு முன்ன பொணத்துக்குச் சவரம் செய்வோம்லா மக்கா? உசுரோட இருந்தவனுக்கு நான் செஞ்சுட்டேனே!"

சொல்லிவிட்டு, முதல் முகத்தைத் தேய்த்த உப்புத்தாளை எடுத்து நீட்டினாராம். ரப்பர் மரத்தூள் வெளிறிப்போய் இருக்கும், உங்களுக்குத் தெரியும். அந்தத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தது கறுப்பு... குட்டைக் குட்டையாக, முடி.