மரக்கட்டையின் பத்தாவது குழி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை மேலே உள்ள கட்டத்தில் எழுதப்பட்டிருப்பது சரி. வயது ஐம்பத்து மூன்று. மின் நிலையத்தின் காவல் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அதில் கடைசிப் பதினொரு ஆண்டுகள் ஆயுத அறைப் பொறுப்பாளர். இதே சம்பவம் பற்றி ஆறு நாட்களுக்கு முன் இதே அலுவலகத்தில், இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அது பொய். இன்று யாரும் என்னை அழைத்து வரவில்லை, மிரட்டவும் இல்லை. நானாகவே பேருந்து பிடித்து வந்தேன். நான் சொல்வது எனக்கு எதிராகவே திரும்பலாம் என்று விசாரணை அதிகாரி இரண்டு முறை சொன்னார். முதல் முறையே புரிந்தது.

இறந்துபோன பெண் காவலரை நாங்கள் டீச்சர் என்றே கூப்பிடுவோம். இந்த வேலைக்கு வருவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். அவரைக் கொன்றதாகக் கைது செய்யப்பட்டிருக்கும் காவலர் என் மனைவியின் தம்பி. வயது முப்பத்தெட்டு. நடை, பேச்சு, சாப்பாடு எல்லாவற்றிலும் வேகம் என்பதால் பிரிவில் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். மேலதிகாரியிடம் பேசி அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான்.

கேட்டதற்குச் சொல்வது: எங்கள் காவலர்கள் இடுப்பில் வைத்திருப்பது பிஸ்டல். அதன் பிடிக்குள் செருகும் மேகசினில் பத்துத் தோட்டாக்கள் இருக்கும். பணிக்குப் போகும்போது மேலே உள்ள ஸ்லைடை ஒரு முறை இழுத்து விட்டால் மேகசினிலிருந்து ஒரு தோட்டா ஏறிக் குழலின் பின்வாயில் உட்காரும். அந்த இடத்தைச் சேம்பர் என்போம். பணி முடிந்து ஒப்படைக்கும்போது முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், அதன் பிறகே ஸ்லைடை இழுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி ஸ்லைடை முதலில் இழுத்தால் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே துள்ளி விழும். பார்க்கிறவனுக்குக் காலியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அதே இழுப்பில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே போய்விடும். அதன் பிறகு மேகசினைக் கழற்றினாலும் உள்ளே ஒன்று இருக்கும், விசையை அழுத்தினால் வெடிக்கும்.

அதனால்தான் ஸ்லைடைத் திறந்து நிறுத்திக் கண்ணால் பார்க்க வேண்டும், சுண்டு விரலை விட்டுத் தடவ வேண்டும், ஒப்படைப்பவர் பார்த்த பிறகு நானும் பார்த்து, இருவரும் ‘காலி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசியாக மணல் பீப்பாய்க்குள் குழலை நீட்டி விசையை ஒரு முறை அழுத்திவிட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். இது ஆறு வரி விதி. பீப்பாய்க்கு மேலே சுவரில் ஒட்டியிருப்பது என் கையெழுத்து. வந்த புதிதில் எல்லோரும் அதைப் படித்தார்கள். பிறகு அதன் மேல் தொப்பியை மாட்டினார்கள். நானும் மாட்டியிருக்கிறேன்.

நாளடைவில் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒப்படைப்பவர் ‘காலி’ என்பார், நான் பார்க்காமலே ‘காலி’ என்பேன். நான் எப்படியும் பார்ப்பேன் என்று அவரும், அவர் பார்த்திருப்பார் என்று நானும் இருந்துகொண்டோம். ஒருவர் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேருக்குக் கொடுத்தோம், இரண்டு பேரும் செய்யவில்லை. ‘சோதித்துப் பார்த்தேன், காலி’ என்ற கட்டத்தில் பணி மாற்றத்துக்கு முன்பே எல்லா வரிசைக்கும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவேன். காலை ஆறு மணிக்குப் பதினான்கு பேர் வரிசையில் நிற்பார்கள், அவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். இதை நல்ல குணம் என்றே அப்போது நினைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. மேஜை மேல் பத்துக் குழி உள்ள மரக்கட்டை ஒன்று இருக்கிறது. திரும்பி வரும் தோட்டாக்களை அதில் நிறுத்துவேன். பத்தும் நிரம்பினால் சரி. ஒரு குழி காலியாக இருந்தால், ஸ்லைடை இழுக்கும்போது துள்ளிய தோட்டா இரும்பு அலமாரிக்கு அடியில் உருண்டிருக்கும். மாதம் ஒரு முறையாவது இப்படி நடக்கும். எலி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சிரிப்போம், நான் குனிந்து தேடி எடுப்பேன். ஒரு குழி காலி என்றால் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பதினொரு ஆண்டுகளாகத் தரையைத்தான் பார்த்தேன்.

டீச்சர் மட்டும் இந்தப் பழக்கத்துக்கு வரவில்லை. பிஸ்டலை வாங்குவதற்கு முன் ‘பாத்துட்டீங்களா?’ என்று கேட்பார். பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் வாங்கித் திறந்து தானும் விரலை விட்டுப் பார்ப்பார். பரீட்சை ஆரம்பம் என்று பின்னால் நிற்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும்.

சம்பவத்துக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் அவர் என்னிடம் ஒரு புகார்க் கடிதம் கொடுத்தார். என் மைத்துனன் மேகசினைக் கழற்றுவதற்கு முன் ஸ்லைடை இழுக்கிறான், சொன்னால் கேட்பதில்லை என்று எழுதியிருந்தார். அதை மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டியது என் கடமை. அனுப்பினால் அவனுடைய துப்பாக்கி அனுமதி போகும், அதோடு வேலையும் போகும். வீட்டில் என் மனைவி முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் கடிதத்தை என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அன்று இரவு சாப்பாட்டில் அவனிடம் கொஞ்சம் நிதானமாகச் செய்யச் சொன்னேன். எத்தனை வருஷமா செய்றேன் அத்தான் என்று சிரித்தான், நானும் சிரித்தேன். கடிதம் மேலே போகவில்லை என்று தெரிந்ததும் டீச்சர் அவனிடம் நேரடியாகவே கேட்டார். இருவரும் வாசலில் குரலை உயர்த்திப் பேசினார்கள், நாலு பேர் பார்த்தார்கள். அதைத்தான் இப்போது முன்பகை என்று வழக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

சம்பவம் நடந்த காலையில் மழை. டீச்சர் வழக்கமாகப் பத்து நிமிடம் முன்னதாக வருபவர், அன்று பேருந்து தாமதம். மைத்துனன் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வந்து மேஜைக்கு முன் நின்றான். அவனுடைய பிஸ்டல் அடுத்து டீச்சரிடம் போக வேண்டியது. அவன் ஸ்லைடை இழுத்தான், ஒரு தோட்டா துள்ளி மேஜையில் விழுந்தது. அதன் பிறகு மேகசினைக் கழற்றி என் பக்கம் தள்ளினான். இந்த வரிசையை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் அது என் மண்டையில் ஏறவில்லை. அதன் பிறகு அவன் ‘காலி’ என்றான். நான் மேகசினிலிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் கட்டையில் நிறுத்தினேன், எட்டு இருந்தது. மேஜையில் விழுந்ததைச் சேர்த்து ஒன்பது. பத்தாவது குழி காலியாக இருந்தது.

துள்ளிய தோட்டா மேஜையிலேயே இருந்தும், பழக்கத்தில் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு மண்டியிட்டு, அலமாரிக்கு அடியில் கையை விட்டேன். அலமாரிக்கு ஒட்டினாற்போல்தான் மணல் பீப்பாய் இருக்கிறது. என் தலையும் தோளும் பீப்பாயை மறைத்திருந்தன. அப்போது நடைவழியிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. வழக்கம்போல ‘பாத்துட்டீங்களா?’ என்று கேட்டார். முகத்தைத் தரையில் வைத்தபடியே நான் பதில் சொன்னேன்.

“காலி, காலி. வாங்க டீச்சர்.”

அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, தொடவில்லை. தேடிக்கொண்டிருந்த தோட்டா அதற்குள்தான் இருந்தது.

அவன் ஏன் பீப்பாய்க்குள் நீட்டாமல் வாசல் பக்கம் குறி பார்த்தான் என்று வழக்கில் கேட்கப்பட்டிருக்கிறது. அவன் குறி பார்க்கவில்லை; நான் எழுந்தபோது இருவரும் இருந்த நிலையை வைத்துச் சொல்கிறேன். பீப்பாய்க்கு முன்னால் என் தலை இருந்தது. காலி என்று நானே சொல்லியும், துப்பாக்கியை என் தலைக்கு நேராகப் பிடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவன் மரியாதை தெரிந்தவன். அதனால் குழலை எதிர்ப்பக்கம், வாசலை ஒட்டி மழைக்கோட்டு மாட்டும் சுவரை நோக்கித் திருப்பி விசையை அழுத்தினான். அந்த நொடியில் டீச்சர் ஈரக் கோட்டைக் கழற்றிக்கொண்டு அந்தச் சுவருக்கு முன் வந்தார். இதில் அவன் செய்த தவறு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொலை செய்யும் எண்ணம் இல்லை. என் தலையைக் காப்பாற்றத்தான் அவன் கையைத் திருப்பினான்.

சத்தம் கேட்டு நான் தலையைத் தூக்கியதில் அலமாரியின் விளிம்பில் நெற்றி இடித்தது. அந்தக் காயத்தைத்தான் முதல் வாக்குமூலத்தில், காப்பாற்ற ஓடியபோது பட்டது என்று சொன்னேன். எழுந்தபோது டீச்சர் கோட்டை மாட்ட ஒரு கையைத் தூக்கியபடியே சுவரோடு சரிந்துகொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே பட்டிருந்தது. அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, துப்பாக்கியைப் பார்த்தார். மைத்துனன் அதை மேஜையில் வைத்துவிட்டு “காலின்னீங்களே அத்தான், காலின்னீங்களே” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அதன் பிறகுதான் என் இடது கை மூடியே இருப்பதைக் கவனித்தேன். விரித்துப் பார்த்தபோது யாருடைய சட்டையிலிருந்தோ விழுந்த பழைய பொத்தான் இருந்தது. அலமாரிக்கு அடியில் எனக்குக் கிடைத்தது அதுதான்.

அதன் பிறகு காவல்துறையினர் வந்து முதலில் பதிவேட்டைத்தான் எடுத்தார்கள். ‘சோதித்துப் பார்த்தேன், காலி’ என்ற கட்டத்தில் என் கையெழுத்து இருந்தது. பிறகு இந்த அலுவலகத்துக்கு அழைத்து வந்து, நீங்கள் சோதித்தீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். விரலை விட்டுப் பார்த்ததாகவும், மேஜையில் வைத்துவிட்டுப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டதாகவும் சொன்னேன். பயத்தில் வாய் அதுவாகச் சொல்லிற்று. நான் சொன்னது எழுத்தில் ஏறிய பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. நான் காலி என்று சோதித்து வைத்த துப்பாக்கி வெடித்தது என்றால், நடுவில் அவன் வேண்டுமென்றே தோட்டா ஏற்றினான் என்று ஆகிறது. விபத்தைக் கொலையாக்கியது என் கையெழுத்து.

நேற்றுக் காலை அவனைச் சிறையில் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். எக்ஸ்பிரஸ் என்று பெயர் வாங்கியவன் மெதுவாக நடந்து வந்தான். வக்கீல் பற்றிப் பேசினேன், அவன் கவனிக்கவில்லை. டீச்சருடைய மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். அதன் பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“நீங்க கீழ குனிஞ்சிருந்ததை நான் யார்கிட்டயும் சொல்லல அத்தான். சொல்லவும் மாட்டேன். அக்காவுக்கு நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது வெளியில வேணும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. இந்த ஆறு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீங்களே என்று மட்டும் கேட்டாள். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் திரும்பி அவளோடு போக மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும், வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

டீச்சரின் கடிதத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். காவல்துறையினர் ஆயுத அறைக்கு முத்திரை வைப்பதற்கு முன் இழுப்பறையிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன், கிழித்துப் போடுவதற்காகத்தான் எடுத்தேன். அவன் வரிசையை மாற்றிச் செய்யும் பழக்கம் உள்ளவன் என்பதற்கு இது சாட்சி, நான் தெரிந்தே மறைத்தேன் என்பதற்கும் இதுவே சாட்சி. டீச்சர் சிவப்பு மையில் கோடு போட்ட கடைசி வரியை மட்டும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்: ‘இவர் தவறு செய்தாலும் பொறுப்பாளர் பார்த்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் அந்த அறைக்குள் வருகிறோம்.’

இதில் எழுதியிருப்பது அனைத்தும் நான் சொன்னது, நான் அறிந்த வரை உண்மை. எழுதி முடித்ததும் அதிகாரி வாசித்துக் காட்டினார், தாளின் அடியில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிப் பேனாவைக் கொடுத்தார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தாள்களைக் கேட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை வைத்துப் படித்தேன். பார்த்துவிட்டேன். அதன் பிறகே கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)