நாளைக் காலை அவிழ வேண்டிய சிவப்பு நாடா

சுடுதளத்துப் பட்டறையின் தூணே! தேய்ந்த இரும்பிடமும் தேம்பி வரும் மனிதரிடமும் ஒரே பொறுமை காட்டிய பெருந்தகையே! ஊரார் 'துப்பாக்கி பழுது பார்ப்பவர்' என்றழைக்க, நாங்கள் மட்டும் உரிமையோடு 'நாடாக்கார அண்ணன்' என்றழைத்த எங்கள் அண்ணனே! பணி நிறைந்து நீங்கள் படியிறங்கும் இந்த மாலையில், பாராட்ட எழுந்த எங்கள் வாயில் வருத்தம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

எண்ணெய்க் கந்தலும் இரும்புத் தூளும் கிடந்த மேசையை எழுதுமேசைபோல் துடைத்து வைத்தவர் நீங்கள். தளத்தின் தலைவரே கையில் கொடுத்தாலும், குண்டு இல்லையென்று இருமுறை பார்க்காமல் எந்தத் துப்பாக்கியையும் மேசையில் வைக்காதவர் நீங்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எவன்டா என் கண்ணாடிய எடுத்தது?" என்று பட்டறையையே புரட்டிப் போட்டவரும் நீங்கள்தான்! இனி அந்தச் சத்தம் இல்லாமல் எங்களுக்கு எப்படிப் பொழுது விடியும் என்று தெரியவில்லை.

உங்களைப் புகழும்போது ஒரு நாளை மட்டும் விட்டுவிடலாமா என்று நேற்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். "அதையும் சேத்து எழுதுங்க. இல்லாட்டி மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாதீங்க" என்றீர்கள். ஆகவே எழுதுகிறோம்.

நம் தளத்திலிருந்து முதன்முதலாக ஒரு பெண் இறுதிப் போட்டிக்குத் தேர்வான ஆண்டு அது. போட்டிக்கு முந்தின மாலை அவருடைய துப்பாக்கியில் முன்சைட் ஆடியது. குழல் நுனியில் நின்று, குறி பார்க்கும் கண்ணுக்கு வழி சொல்லும் அந்தச் சிறு இரும்பு, தான் உட்கார்ந்திருந்த பள்ளம் தேய்ந்துபோய், விழப்போகும் பால்பல்போல் ஆடியது. நீங்கள் பள்ளத்தின் எண்ணெயைத் துடைத்து, அடியில் புள்ளி குத்தி மேடாக்கி, பசை வைத்து, பித்தளைக் கம்பியால் தட்டி உட்கார வைத்தீர்கள். "ஒரு ராத்திரி முழுசா காயணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றீர்கள்.

அந்தப் பெண்ணின் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, உங்கள் மனைவியின் தம்பி. வெளியூர் போக வண்டி வாசலில் நின்றது.

"மாமா, ஆட்டிப் பாத்தேன், அசையவே இல்ல. குடுங்க."

"கைக்கு அசையாது மாப்ள. சுடும்போதுதான் அசையும். இவளுக்கு வேற துப்பாக்கி குடு."

"பழகாத துப்பாக்கிய வெச்சு ஃபைனல்ல சுடச் சொல்றீங்களா? இருங்க, அக்காவுக்குப் போன் போடுறேன். அவ சொன்னாத்தானே உங்களுக்குக் காது கேக்கும்!"

பட்டறையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன் அந்தப் பெண் உங்கள் முகத்தைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க அண்ணே. எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார். "எடுத்துட்டுப் போம்மா" என்றீர்கள்.

மறுநாள் பாதிப் போட்டியில் முன்சைட் மயிரிழை அளவு வலப்பக்கம் நகர்ந்தது. குண்டுகள் இடப்பக்கம் போயின. தன் கைதான் நடுங்குகிறதென்று நினைத்து அவர் பிடியை மாற்றி மாற்றிப் பார்த்தார், உள்ளதும் கெட்டது. திரும்பி வந்து துப்பாக்கியை உங்கள் மேசையில் வைத்து, "உங்க வார்த்தைய நம்பித்தான் எடுத்துட்டுப் போனேன் அண்ணே" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதன் பிறகு இந்தப் பட்டறை வாசலை மிதிக்கவும் இல்லை.

மைத்துனரை நீங்கள் ஒரு சொல் சொன்னதில்லை. மறுநாளே ஒரு சுருள் சிவப்பு நாடா வாங்கி வந்தீர்கள். பசை காயும் துப்பாக்கிக்கெல்லாம் நாடா. கட்டியவர் கைதான் அவிழ்க்க வேண்டும். அதுவரை ஆண்டவனே வந்தாலும் தரக்கூடாது. "என் துப்பாக்கிய நானே எடுக்கக்கூடாதாய்யா?" என்று தலைவர் சத்தம் போட்டபோது, "நாளைக்கு எடுத்துக்குங்க சார். இன்னிக்கு அது என்னோடது" என்றீர்களே, அந்தத் துணிச்சலை எங்கே போய்க் கற்போம்! "பக்கத்துல போகாதீங்க, என்னையும் சேத்துக் கட்டிருவாரு" என்று மைத்துனர் கேலி பேசுவார். நீங்கள் மட்டும் சிரித்ததில்லை.

பெருமகனே! இந்த மடலை முன்னமே வேறு விதமாக எழுதி வைத்திருந்தோம். இன்று காலை நடந்ததைப் பார்த்த பிறகு அதை மடித்து வைத்துவிட்டோம்.

காலையில் அந்தப் பெண் மறுபடி வந்தார். காதோரம் நரைத்துவிட்டது. தன் துப்பாக்கியை உங்கள் முன் வைத்து, "முன்சைட் ஆடுது அண்ணே" என்றார். நீங்கள் குண்டு இல்லையென்று இருமுறை பார்த்தீர்கள். முன்சைட்டை விரலால் அசைத்துப் பார்த்தீர்கள். நிமிராமலே, "எப்ப வேணும்மா?" என்றீர்கள்.

"பசை நல்லா காயட்டும். நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

"நாளைக்கு நான் இருக்கமாட்டேனேம்மா. இன்னியோட முடியுது."

"தெரியும். ஆனா கட்டினவருதானே அவுக்கணும்? உங்க மச்சினர் சொன்னாரு."

நீங்கள் கந்தலை எடுத்தீர்கள். எண்ணெயைத் துடைத்தீர்கள், புள்ளி குத்தினீர்கள், பசை வைத்துத் தட்டினீர்கள். நகர்ந்தால் தெரியட்டுமென்று முன்சைட்டின் குறுக்கே வெள்ளைக் கோடு இழுத்தீர்கள். கோடு கொஞ்சம் கோணியது. உங்கள் கோடு கோணி நாங்கள் பார்த்ததே இல்லை. பிறகு நாடாவைக் கட்டிவிட்டு, கண்ணில் போட்டிருந்த கண்ணாடியை வெகுநேரம் தேடினீர்கள். யாரும் சிரிக்கவில்லை.

பண்பின் உறைவிடமே! உங்களுக்கு நாங்கள் தருவதற்கு இந்தப் பூமாலையும் மடலும்தான் இருக்கின்றன. உங்கள் பார்வை தெளிந்திருக்கட்டும். முழங்கால் வலி தணியட்டும். அண்ணியின் அதட்டல் பல்லாண்டு உங்கள் வீட்டில் கேட்கட்டும். ஆறிப்போகாத தேநீரை இனியாவது நீங்கள் குடிக்க வேண்டும்!

அந்த நாடாவை மட்டும் நாங்கள் தொடமாட்டோம். மேலாளரிடம் சொல்லிவிட்டோம், வாசற்காவலரிடமும் சொல்லியாயிற்று. நாளைக் காலை விருந்தாளியாக வாருங்கள். உங்கள் கையால் அவிழ்த்து அவர் கையில் கொடுங்கள். அவர் சுடும்போது பின்னால் நின்று பாருங்கள். பிறகு நீங்கள் ஓய்வு பெற்றதாக நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்.

இவண்,
கந்தல் துவைப்பவர் முதல் கணக்கு எழுதுபவர் வரை, உங்கள் மேசையைச் சுற்றி நின்ற நாங்கள் அனைவரும்