கையுறை போட்ட கையால் தேர்ந்தெடுங்கள்

தலைமை நாற்காலியை அணிசெய்யும் நகரமன்றத் தலைவர் அம்மா அவர்களே, அவருக்கு வலமும் இடமும் அமர்ந்து இப்போதே என்னைக் கவலையோடு பார்க்கிற கொள்முதல் குழுவின் பெரியோர்களே, புகை குடித்துக் குடித்தும் புன்னகை குறையாத நிலைய அலுவலர் அவர்களே, சைரன் ஒலித்ததும் பிசைந்த சோற்றைத் தட்டோடு விட்டு எழுகிற தீயணைப்பு வீரர்களே, வீராங்கனைகளே, அந்தத் தட்டை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களே, அதே வேலையை இப்போது பழகிக்கொண்டிருக்கும் கணவன்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு திருத்தம். என் கணவர் தீ விபத்தில் இறக்கவில்லை.

சில நாட்களாக ஊருக்குள் ஒரு பேச்சு. "பாவம், புருஷனை நெருப்புக்குக் கொடுத்தவங்க. அதான் வாக்கி டாக்கின்னு சொன்னாலே பதறிப்போய் எல்லாத்தையும் தடுக்குறாங்க." இரக்கத்துக்கு நன்றி. ஆனால் என் கணவர் பூகோள ஆசிரியர். தம் சொந்தக் கட்டிலில், வெளுத்த விரிப்பின் மேல், தூக்கத்தில் இறந்தார். நெருப்புக்கும் அவருக்கும் இருந்த ஒரே உறவு, அடுப்பில் பாலைப் பொங்கவிட்டது. சிரியுங்கள், அவரே சிரிப்பார்.

நெருப்போடு உறவு எனக்குத்தான். தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் வாக்கி டாக்கியைக் காதருகே வைத்துக்கொண்டு என் உத்தியோக காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தவள் நான். கான்வென்ட்டில் படித்தவள். "அங்கே ஏதோ ஒரு இடத்துல" என்று தெளிவில்லாமல் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பெஞ்சின் மேல் நிற்கவைக்கும் பள்ளி அது. பழைய வாக்கி டாக்கிகளின் கரகரப்பில் பாதிச் சொல்லைக் கேட்டு மீதிச் சொல்லை ஊகித்தவள், புதியவற்றைத் தடுப்பேனா? அவை வேண்டும் என்று முதலில் கேட்டவளே நான்தான். நான் தடுத்தது ஒரு கையெழுத்தை. ஏன் தடுத்தேன் என்று இந்த மேடையிலேயே சொல்கிறேன்.

புதிய வாக்கி டாக்கிகள் வாங்கும் குழுவில் பொதுமக்கள் சார்பில் என்னையும் உட்காரவைத்தார்கள். பளபளக்கும் மேசை. குளிர்ந்த அறை. மேசைமேல் இரண்டு வகைக் கருவிகள். ஒன்று மெலிந்து, மினுங்கி, உள்ளங்கைக்குள் அடங்கியது. மற்றொன்று தடித்தது. "செங்கல்லை எதுக்குங்க கொண்டுவந்தீங்க?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மெலிந்ததை எடுத்துக்கொண்டு ஒருவர் சன்னலோரம் போனார், இன்னொருவர் கதவோரம் போனார்.

"ஹலோ, கேட்குதா?"

"ஆஹா, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு."

பக்கத்தில் நின்றுதானே பேசினார்? சன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் எத்தனை தூரம்? அதற்கு வாக்கி டாக்கி எதற்கு, வாய் போதாதா? புகை உண்டா அந்த அறையில்? வண்டியின் பம்ப் இரைச்சல் உண்டா? முகத்தை மூடிய மூச்சுக்கருவி உண்டா? கையில் கையுறை உண்டா? மோதிரம்தான் இருந்தது. மோதிரம் போட்ட விரலால் திருகிப் பார்த்துவிட்டு, "இதையே வாங்கிடலாம்" என்றார்கள். யாரிடமும் கெட்ட எண்ணமில்லை. அதை அழுத்தமாகச் சொல்கிறேன். நல்லவர்கள், நல்ல அறையில், நல்ல வெளிச்சத்தில் செய்த தவறு அது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. கையெழுத்துப் போடுமுன், அங்காடிக் கட்டடத்தின் அடியில் இருக்கும் வண்டி நிறுத்துமிடத்தில், முழு உடுப்போடு ஒருவரை இறக்கிப் பேசிப் பாருங்கள் என்றேன். நிலைய அலுவலர் மறுக்கவில்லை. அன்று பணியில் இருந்தவள் யார் தெரியுமா? என் மருமகள். குழாயைப் பிடித்து முதலில் உள்ளே நுழையும் இருவரில் ஒருத்தி. "சலுகையா?" என்று நடுவரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. இல்லை ஐயா. என்னிடம் சலுகை கிடைத்ததாக அவள் சொல்லிக் கேட்டால் எனக்கும் தெரிவியுங்கள்.

ஒத்திகைதானே என்று தனியாகவே இறங்கினாள். தடித்த கையுறை, தலைக்கவசம், மூச்சுக்கருவி, கையில் அந்த மெலிந்த வாக்கி டாக்கி. புகைக்குப் பதிலாக முகக்கண்ணாடியை ஒரு கறுப்புத் துணியால் மறைத்தோம். மேலே சரிவின் தொடக்கத்தில் பம்ப் டிரைவர், கையில் இன்னொரு வாக்கி டாக்கி. நிதானமாகப் பேசுவார் என்பதால் நிலையத்தில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர்.

"கீழ வந்துட்டேன் அண்ணா. கையில தூண் தட்டுது."

நன்றாகவே கேட்டது. பிறகு வண்டியின் பம்பை ஓடவிட்டோம்.

"சத்தம் பத்தல. கூட்டிக்கிறேன்," என்றாள்.

அவ்வளவுதான்.

"என்னம்மா, கேட்குதா?" என்றார் எக்ஸ்பிரஸ். பதில் இல்லை. மறுபடி கேட்டார். பதில் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமியார் மேல நிக்கிறாங்கன்னு வாயத் திறக்க மாட்டேங்குதோ என்னவோ," என்றார். சிரித்தோம். மூன்றாம் முறை கூப்பிட்டபோது யாரும் சிரிக்கவில்லை. நிலைய அலுவலர் டார்ச்சை எடுத்துக்கொண்டு சரிவில் ஓடினார்.

அவள் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தார். முகமூடியைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை.

"ஏன் அண்ணா பதில் சொல்லல? சுவரு எந்தப் பக்கம்னே தெரியல, தெரியலன்னு கத்திட்டே இருந்தேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "அத்தை, நான் பேசிக்கிட்டேதான் இருந்தேன்."

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

என்ன நடந்தது? சத்தத்தைக் கூட்டும் திருகும் சேனலை மாற்றும் திருகும் அந்த மெலிந்த கருவியில் ஒட்டி ஒட்டி இருந்தன. கையுறை போட்ட விரல் ஒன்றைத் திருகியபோது மற்றதும் கூடவே திரும்பிவிட்டது. யாருமே இல்லாத சேனலில் அவள் உதவி கேட்டுக்கொண்டிருந்தாள். கருவி கெடவில்லை. பேட்டரி தீரவில்லை. குரல் போய்க்கொண்டே இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அன்று அங்கே தீ இல்லை, தாய்மார்களே. இருந்திருந்தால்?

அந்தக் கருவிகளை விற்க வந்தவரும் அங்கே இருந்தார்; அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு கையுறையைக் கேட்டு வாங்கித் தானே மாட்டிக்கொண்டு திருகிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "இத்தனை வருஷமா விக்கிறேன்மா. கையுறை போட்டுக் காட்டுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நானும் போட்டுப் பார்த்ததில்ல," என்றார். தம் வண்டிக்குப் போய், அறையில் எல்லோரும் சிரித்தோமே, அந்தச் செங்கல்லை எடுத்துவந்தார்.

அதில் இரண்டு திருகுகளும் தள்ளித் தள்ளி இருந்தன. சேனல் திருகு அழுத்தித் திருப்பினால்தான் அசையும். மாறிவிட்டால் எந்தச் சேனல் என்று கருவியே குரல் கொடுக்கும். தோளில் மாட்டிக்கொள்ளும் மைக்கில் பொத்தான் பெரியது. என் மருமகள் மறுபடியும் முகமூடியை மாட்டினாள். "நீ போக வேண்டாம், வேறு யாராவது போகட்டும்," என்றேன். "நான்தான் அத்தை போகணும். எனக்குத்தான வழி தெரியாமப் போச்சு," என்று சொல்லி இறங்கினாள்.

அதே இருட்டு. அதே இரைச்சல். வேண்டுமென்றே எல்லாத் திருகுகளையும் திருகச் சொன்னோம். திருகினாள். சேனல் மாறியது, கருவி சொன்னது, அவள் திருத்திக்கொண்டாள்.

"அண்ணா, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா," என்றார் எக்ஸ்பிரஸ். அவர் அத்தனை வேகமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

அன்பர்களே, இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? தீர்வு ஏழு கடல் தாண்டி இல்லை. நம் மேசைமேலேயே இருந்தது. அது கனம்தான், ஒப்புக்கொள்கிறேன். அழகில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழகு பார்க்கவா வாங்குகிறோம்? அலமாரியில் வைக்கவா வாங்குகிறோம்? இருட்டில் ஒருவர் "இருக்கீங்களா?" என்று கேட்டால் வெளிச்சத்தில் ஒருவர் "இருக்கேன்" என்று சொல்ல வாங்குகிறோம். அந்த ஒரு கேள்விக்காக வாங்குகிறோம். அந்த ஒரு பதிலுக்காக வாங்குகிறோம்.

குழுவில் ஒருவர் சொன்னார், அப்படிச் சோதிப்பது விதிமுறையில் இல்லை என்று. இல்லையென்றால் எழுதிச் சேர்ப்போம். விதிமுறையை எழுதியவை மனிதக் கைகள்தானே? இன்னொரு வரி எழுத அந்தக் கைகளுக்கு வலிக்குமா? கைதட்டாதீர்கள், முடித்துவிடுகிறேன். தலைவர் அம்மா தலையசைத்ததை நான் பார்த்தேன். அந்தத் தலையசைப்பில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நிலைய அலுவலரின் ஓட்டத்தில் நம்பிக்கை இருக்கிறது. தம் சரக்கின் குறையைத் தாமே திருகிப் பார்த்த அந்த விற்பனையாளர் மீதும் நம்பிக்கை இருக்கிறது.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பேச இடம் கொடுத்த அவைக்கும் நன்றி. எல்லோரும் நலமாக வீடு திரும்புங்கள், எல்லோரும் நலமாக வேலைக்குப் போய் வாருங்கள்.

தலைவர் அம்மா அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கருவியை வாங்கப்போகிறீர்கள், அதைக் கையுறையும் முகமூடியும் போட்டு யார் சோதித்தார்கள் என்ற இரண்டையும், கையெழுத்திடுமுன் எனக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள்.