ஒரு நாளா, ரெண்டு நாளா

தப்பா நெனச்சுக்காதீங்க சார், அந்த சாண்ட்விச்சை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமா வெச்சுக்கிட்டு சாப்பிடறீங்களா? இல்ல இல்ல, நீங்க நல்லா சாப்பிடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. இந்தப் பெட்டிக்குத்தான் ஆகாது. உள்ள பாஸ்கா சாமான். ரொட்டித்தூள் ஒரு துணுக்கு விழுந்துச்சுன்னா, பண்டிகை முடியற வரைக்கும் நான் அதையே நெனச்சுக்கிட்டு கெடப்பேன். ஆமா சார், யூதருங்கதான். எங்களுக்கு இந்தப் பண்டிகையில புளிச்ச மாவுங்கற பேச்சே கூடாது. மூணு வாரமா வீட்டை தலைகீழா கவுத்துப் போட்டுத் தொடச்சிருக்கோம். சோபா இடுக்குல பழைய டூத் பிரஷ்ஷை விட்டு நோண்டினா, போன வருஷத்து பிஸ்கட் வருது. மூணு பசங்க இருக்கற வீடு, வேற என்ன வரும்.

போர்டுல மாத்திட்டானா? எவ்வளவு லேட்டு? ஒரு மணி நேரமா? அட கடவுளே. சரி, நல்லதுதான்னு வெச்சுக்குவோம். எனக்கும் கொஞ்சம் நேரம் வேணும். ஃப்ளைட்ல ஏறறதுக்கு முன்னாடி எங்க வீட்ல ஒரு கேள்வி கேக்கணும். அதோ, தூண் பக்கத்துல பச்சை ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு கடைக்குட்டிக்கு ஷூ மாட்டி விடறாளே, அவதான். நோயெமி. மூணு நாளா கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன், வாயே வரமாட்டேங்குது. சின்ன விஷயம்தான். நாள் கணக்கு. விடுங்க.

ஒரு நிமிஷம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. பாஸ்போர்ட் சார். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எண்ணலேன்னா எனக்கு இருப்புக் கொள்ளாது. சிரிக்காதீங்க, பசங்களையும் இப்படித்தான் எண்ணறேன். பெரியவ ரெபேகா, பதினொண்ணு. நடுவுல சாமு, எட்டு. அந்த வாலுப் பய இருக்கானே, எலின்னு பேரு, அவனுக்கு அஞ்சு.

நீங்க எங்க, வேலையாவா? ஓ, மக அங்க இருக்காளா. நல்லது. நாங்களும் சொந்தக்காரங்க வீட்டுக்குத்தான். நோயெமியோட அக்கா யூலி, இஸ்ரேல்ல நெதான்யாங்கற ஊர்ல இருக்கா, கடற்கரை ஓரமா. பத்து வருஷமா வா வான்னு கூப்பிடறா. இந்த வருஷம்தான் சரின்னேன். சரின்னு சொன்னப்புறம் நான் சும்மா இருப்பேனா? அக்டோபர்லயே ஆரம்பிச்சிட்டேன். ஃப்ரிட்ஜ் கதவுல நாலு தாள் ஒட்டினேன். போறப்ப என்ன, வர்றப்ப என்ன, யாருக்குக் காய்ச்சல் வந்தா என்ன, யாருக்கு ஃப்ளைட்ல வாந்தி வந்தா என்ன. நோயெமி பார்த்துட்டு, நோவா பேழை கட்டறப்பகூட இத்தனை பட்டியல் போட்டிருக்க மாட்டாரு, ஆர்மின், அவருக்காவது வெள்ளம் வந்துச்சுன்னு சொன்னா. அப்படித்தான் பேசுவா. வாய் இருக்கே அவளுக்கு, எங்க தெருவையே வித்துட்டு வந்துரும். அந்த வாய்தான் சார் இப்ப ரெண்டு மாசமா கொழுக்கட்டைய வெச்சு அடைச்ச மாதிரி கெடக்கு.

கோவம்லாம் இல்ல. கோவம்னா எனக்குத் தெரியும். பாத்திரத்துல காட்டுவா. இது வேற. எல்லாத்துக்கும் சரிங்கறா. பெரிய பெட்டிய எடுத்துக்கலாமா? சரி. காலைல நாலு மணிக்கு எழுந்திருக்கலாமா? சரி. பதிமூணு வருஷத்துல அவ வாயிலேர்ந்து இத்தனை சரி நான் கேட்டதே இல்ல.

அட, செக்கிங்ல நடந்த கூத்தைக் கேளுங்க. ஒரு பாத்திரம் எடுத்துட்டு வந்திருக்கேன், இவ்வளவு பெருசு, மூடியோட. அந்த ஆபீசர் பொண்ணு வெளில எடுத்து, இது எதுக்குன்னு கேக்குது. நான் என்னன்னு சொல்லுவேன்? என் சகலை நிஸிம் மொராக்கோ வழி. அவங்க பாஸ்கா முழுக்க அரிசி சாப்பிடுவாங்க, எங்க வழியில அரிசியத் தொடமாட்டோம். ஆமா சார், ஒரே மதம்தான், ஒரே பண்டிகைதான், அடுப்புதான் வேற வேற. அதனால எங்களுக்குத் தனிப் பாத்திரம். அந்தப் பொண்ணுகிட்ட, சகலை வீட்டு சோறு ஒத்துக்காதும்மான்னு சொன்னேன். அது சிரிச்சுட்டு விட்டுருச்சு. நோயெமி பின்னாடியே நின்னுக்கிட்டு இருந்தா. அவ சிரிக்கல. போன மாசம் அக்காகூட ஃபோன்ல பேசறப்ப மட்டும் சிரிச்சா. அங்க வந்தா ஒரே வருஷத்துல நானும் அரிசி தின்னப் பழகிடுவேன்னா. ஒரு வாரத்துலன்னு சொல்ல வந்து வாய் தவறிடுச்சுன்னு நெனச்சேன்.

சாமு! டேய், அந்த வண்டி மேல ஏறாதடா! எறங்கு! அப்பா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்!

எங்க விட்டேன்? ஆங், பெட்டி. ஆளுக்கு இருபத்தி மூணு கிலோ. கைத்தராசு வாங்கி ஒவ்வொண்ணா தூக்கிப் பார்த்தேன். எல்லாம் கச்சிதம். நோயெமியோடது மட்டும் இருபத்தெட்டு. என்னடா இதுன்னு தொறந்தா, பத்து நாள் துணிக்கு அடியில எங்க கல்யாண ஆல்பம். அதுக்கும் கீழ பசங்களோட தடுப்பூசிப் புத்தகம் மூணு, ஸ்கூல் மார்க் ஷீட்டு, சாமு பொறந்தப்ப ஆஸ்பத்திரியில குடுத்த காயிதம். என்னம்மா இதெல்லாம்னேன். அக்கா ஆல்பம் பார்க்கணுமாம்னு சொன்னா, சரி. தடுப்பூசிப் புத்தகம் எதுக்குன்னேன். அங்க போயி யாருக்காவது காய்ச்சல் வந்தா? உன் நாலாவது தாளைப் பாரு ஆர்மின், நீயே எழுதியிருக்கியேன்னா. என் பட்டியலை வெச்சே என்னை மடக்கிட்டா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? என் பெட்டியிலேர்ந்து அஞ்சு கிலோ புளிப்பில்லாத ரொட்டிய எடுத்து இந்தக் கைப்பெட்டியில போட்டுட்டு, அவளுக்கு எடம் பண்ணிக் குடுத்தேன். நானேதான் பண்ணிக் குடுத்தேன் சார்.

பெரியவளும் ஒரு மாதிரிதான் இருக்கா. ஒரு வெள்ளெலி வளர்த்தா. உசுரு அது மேல. கீழ்வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன், பத்து நாள் பார்த்துப்பாங்கன்னேன். வேணாம்ப்பா, என் ஃப்ரெண்டு லீலாவுக்கே குடுத்துட்டேன், கூண்டோட குடுத்துட்டேன்னா. ஏம்மான்னு கேட்டதும், கண்ணு கலங்கி பாத்ரூமுக்குள்ள போயிட்டா. பதினொரு வயசு, அந்த வயசுல எல்லாத்துக்கும் அழுவாங்கன்னு விட்டுட்டேன்.

எனக்கா? கண்ணாடிக் கடை சார். மூக்குக் கண்ணாடி. எங்கப்பா வெச்சது, ஏழாம் வட்டாரத்துல. நீங்க போட்டிருக்கற ஃப்ரேம் எடது பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு, சொல்லலாமா வேணாமான்னு வந்ததுலேர்ந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன். குடுங்க, ரெண்டு நிமிஷம். என்னவோ, கை சும்மா இருந்தா எனக்கு ஆகமாட்டேங்குது. ஊருல பாதிப் பேருக்கு கண்ணு தெரிய வெச்சவன்னு நோயெமி என்னைக் கிண்டல் பண்ணுவா. மீதி வாக்கியத்தை சொல்லமாட்டா.

கடைதான் சார் எல்லாத்துக்கும் காரணம். காரணம்னா, சாக்கு. எங்க பாஸ்கா விருந்து முடியறப்ப எல்லாரும் சேர்ந்து, அடுத்த வருஷம் ஜெருசலேம்லன்னு பாடுவோம். எங்க வீட்ல நான்தான் ஒசத்திப் பாடுவேன், மேசையத் தட்டி. கல்யாணமான மொத வருஷம் அவ கேட்டா, நெஜமாத்தான் சொல்றியா, போயிடலாமா, அக்கா பக்கத்துல இருக்கலாமான்னு. அடுத்த வருஷம்னேன். கடை வாடகை ஒப்பந்தம் முடியட்டும்னேன். அப்புறம் ரெபேகா பொறந்தா, கொஞ்சம் வளரட்டும்னேன். வளர்ந்தா, ஸ்கூல் மாத்தக்கூடாதுன்னேன். வருஷா வருஷம் கேப்பா. போன வருஷம் விருந்து முடிஞ்சதும் தட்டுக் கழுவிக்கிட்டே சொன்னா: எல்லாரையும் விட நீதான் சத்தமா பாடற, மறுநாள் எல்லாருக்கும் முன்னாடி நீதான் போயி கடையத் தெறக்கற, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலு, உனக்குக் கால் வலிக்கலையா ஆர்மின்னு கேட்டா. நான் சிரிச்சேன். இந்த வருஷம் அவ கேக்கல.

இந்தாங்க, போட்டுப் பாருங்க. இப்ப நேரா நிக்குதா? அதான்.

அந்தக் கேள்வியா? சொல்றேன். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. இது எங்காளுங்க கணக்கு, ஆனா புரியும். எங்க ஊர்ல பாஸ்கா மொத நாளை ரெண்டு நாளா கொண்டாடுவோம். ரெண்டு ராத்திரியும் விருந்து. அங்க, இஸ்ரேல்ல, ஒரே நாள்தான். அந்தக் காலத்துல பிறை பார்த்த சேதி தூர தேசத்துக்கு வந்து சேர நாளாகும், எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு நாள் சேர்த்துக்கிட்டாங்க. இப்ப ஃபோன்லயே தெரியுது, இருந்தாலும் விட மனசு வரல. சரி, இங்கேர்ந்து அங்க போறவன் எத்தனை நாள் கொண்டாடறது? அதுலதான் விஷயம். எங்க நிக்கறேங்கறது கணக்கில்ல. திரும்பி வர்ற எண்ணம் இருக்கா இல்லையாங்கறதுதான் கணக்கு. திரும்பி வர்றவனுக்கு ரெண்டு நாள். அங்கயே குடியேறப் போறவனுக்கு ஒரு நாள்.

எங்களுக்கு ரெண்டு நாள்னு எனக்கே தெரியும். ஆனா யூலி வீட்ல மறுநாள் சாதாரண நாளாச்சே. அவங்க முன்னாடி நாங்க ரெண்டாவது விருந்தை எப்படி வெச்சுக்கறது, தனி ரூம்லயா, விளக்கை யாரு ஏத்தறது, இதெல்லாம் என் பட்டியல்ல மூணாவது தாள். ஞாயித்துக்கிழமை ரபிக்கு, அதான் எங்க மதகுருவுக்கு, ஃபோன் போட்டேன். பண்டிகை நேரம், பாவம், மனுஷன் ஒரு நாளைக்கு நூறு ஃபோன் எடுக்கறாரு. என் கொரலக் கேட்டதும், யாரு, ஆர்மினா? நானே உன்னைக் கூப்பிட்டு வாழ்த்து சொல்லணும்னு இருந்தேம்ப்பான்னாரு. எதுக்கு ரபின்னேன். நீங்க என்ன, ரகசியமாவே கெளம்பிடலாம்னு பார்த்தீங்களா? போன வாரமே உங்க வீட்ல வந்து கேட்டுட்டாங்களே. ஒரு நாள்தான், சந்தேகமே வேணாம், பசங்களுக்கும் ஒரு நாள்தான். கடைய யாருகிட்ட ஒப்படைச்சுட்டுப் போறன்னு கேட்டாரு.

நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. ரொம்ப நன்றி ரபி, உங்களுக்கும் பண்டிகை வாழ்த்துன்னேன். வெச்சுட்டேன்.

அவரு மேல தப்பில்ல. குடும்பத்தோட போறோம்னு நெனச்சுட்டாரு. பொண்டாட்டி வந்து ஒரு நாளான்னு கேட்டா, புருஷனும்தான்னு யாருதான் நெனைக்க மாட்டாங்க?

இல்ல, அவகிட்ட இன்னும் கேக்கல. என்னன்னு கேக்கறது? நீ ஏன் திரும்பி வரமாட்டேங்கறன்னு கேக்க எனக்கு வாயில்ல, அதுக்கு பதில் எனக்கே தெரியும். நான் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். நோயெமி, எனக்கு எத்தனை நாளு? ஒரு நாளா, ரெண்டு நாளா? அவ ஒரு நாள்னு சொல்லிட்டான்னா போதும் சார். கடையாவது மண்ணாவது. ஆனா ரபிகிட்ட அவ என்னைப் பத்திக் கேட்டாளா இல்லையான்னு எனக்குத் தெரியல பாருங்க. கேக்காம விட்டிருந்தான்னா?

ஓ, கூப்பிட ஆரம்பிச்சிட்டானா? குழந்தைங்க இருக்கறவங்க மொதல்ல. எங்களைத்தான். வரேன் நோயெமி, இதோ வந்துட்டேன்! எலி, அப்பா கையப் பிடிச்சுக்கடா.

எலி இந்த வருஷம்தான் மொத மொத கேள்வி கேக்கப் போறான் சார். விருந்துல இந்த ராத்திரிக்கு மட்டும் என்ன விசேஷம்னு ராகம் போட்டுக் கேக்கணும், வீட்டுல கடைசிப் புள்ளதான் கேக்கணும். அப்பா பதில் சொல்லணும். புள்ள இல்லாதவனுக்கு பொண்டாட்டி கேப்பா. அவளும் இல்லேன்னா, மனுஷன் தன்னந்தனியா உக்காந்திருந்தாலும் வாய்விட்டுத் தானே கேட்டு, தானே பதில் சொல்லிக்கணும்னு சட்டமே இருக்கு. ரெண்டாவது நாள் ராத்திரிக்கு எதுக்கும் இருக்கட்டும்னு, இன்னிக்குக் காலைல சவரம் பண்றப்ப அந்தக் கேள்வியை நானே சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல வரல சார்.